பொன்னியம்மாள் சொன்ன சாட்சி

இரும்புலியூரில் பொன்னியம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. நிலமெல்லாம் மனையாகிப் போனபின் நாலு எருமையும் அந்த வாயும்தான் அவளுக்கு மிச்சம். பக்கத்து வீட்டுச் சரோஜினி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முருங்கை இலை உதிர்ந்தால் சண்டை, மொட்டை மாடித் தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தால் சண்டை.

ரயில்வேயில் இருந்த சரோஜினியின் கணவர் லாசரஸை எண்பத்தாறில் ஆந்திராவிலுள்ள குண்டக்கல்லுக்கு மாற்றினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பமே போனது. சண்டை விட்டதென்றுதான் சரோஜினி ரயிலேறினாள்.

மூன்று வருஷம் கழித்துத் திரும்பியபோது, மகள் மெட்டில்டா அங்கேயே பன்னிரண்டாவது முடித்திருந்தாள். டாக்டருக்குப் படிக்க ஆசை, மார்க்குக்கும் குறைவில்லை. ஆனால் வெளி மாநிலத்தில் படித்தவர்கள், தமிழ்நாட்டுக்காரர்தான் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கினால்தான் அரசுக் கல்லூரியில் இடம். தனியாரில் சேர்க்க லாசரஸ் கொள்ளைதான் அடிக்க வேண்டும்.

விசாரிக்க வந்த கிராம அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"ரேஷன் கார்டை ஒப்படைச்சிட்டீங்க. வீடு மூணு வருஷமா பூட்டிக் கெடந்திருக்கு. ஊரைக் காலி பண்ணிட்டுப் போனவங்கன்னுதானேம்மா எழுத முடியும்? எதுக்கும் பக்கத்துல கேட்டுப் பாக்கறேன்."

அவர் எருமைக் கொட்டகைப் பக்கம் நடந்ததும் சரோஜினி பின்னாலேயே ஓடினாள். போயும் போயும் மகளின் படிப்பு இந்த வாயிலா மாட்ட வேண்டும்?

"இவங்க இந்த ஊர்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

பொன்னியம்மாள் சாணிக் கையை உதறினாள். "பின்ன? இந்தப் பொண்ணு பொறந்ததே இந்த வூட்லதான். அதுக்கு முன்னேலேர்ந்து இவங்ககூட சண்ட போட்டுகினு கீறேன்."

"மூணு வருஷமா வீடு காலியாதானே இருந்தது?"

"யாரு சொன்னது? பூட்டிகினு போனாங்க, காலி பண்ணிகினு போவல. நெதம் என் வாசலுக்குத் தெளிக்கசொல்ல அந்த வாசலுக்கும் நான்தான் தெளிச்சிக் கோலம் போட்டேன். ஊர வுட்டே போனவங்க வாசல்ல யாராவது கோலம் போடுவாங்களா சார்?"

அதிகாரி சிரித்துவிட்டார். நின்றபடியே எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்களுக்கு இது தெரியாதேக்கா" என்றாள் சரோஜினி.

"தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது? சண்ட போட ஆளில்லாம பேஜாரா பூட்ச்சி" என்று பொன்னியம்மாள் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் தாசில்தார் சான்று கைக்கு வந்ததும், மெட்டில்டா அதைப் பொன்னியம்மாளிடம்தான் முதலில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"இன்னா எழுதிகீது, படி."

"நான் இரும்புலியூரைச் சேர்ந்தவள்னு போட்டிருக்கு, பெரிம்மா."

"இத்தச் சொல்றதுக்கு ஒரு பேப்பர் வேற வேணுமா?" என்றாள் பொன்னியம்மாள்.