வாசலில் தெளித்த கிராம்புத் தண்ணீர்

எங்க காலேஜ் கெமிஸ்ட்ரி செட்டுல பாதிப் பேரு கம்ப்யூட்டர் கத்துக்கினு பெங்களூரு, ஹைதராபாத்துன்னு கிளம்பிட்டாங்க. நான் மட்டும் ரேணிகுண்டா ரோட்டுல ஒரு தைலக் கம்பெனி ஷெட்டுல உட்கார்ந்துகினு இருந்தேன். பம்பாய் பார்ட்டி சரக்கைப் பார்த்து ஒத்துக்கினா என் வேலை பர்மனென்ட்டுன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. இல்லேன்னா பெங்களூருல அண்ணன் வீட்டுக்குப் போய் நானும் கம்ப்யூட்டர் கத்துக்கணும். அது நைனா போட்ட கண்டிஷன்.

எனக்கு அந்த ஷெட்டை விட்டுப் போக மனசே இல்லை. தண்ணி மேல அவ்ளோ ஆச்சரியம். குக்கர் மாதிரி இறுக்கி மூடின ஸ்டீல் சிலிண்டர்ல அழுத்தம் கொடுத்தா, நூறு டிகிரி தாண்டியும் தண்ணி ஆவியாகாது. அந்தச் சூட்டுல அதோட குணமே மாறிடுது. பச்சைத்தண்ணியில எண்ணெய் கரையுமா? ஆனா இந்தத் தண்ணி, கிராம்பு எண்ணெயிலேர்ந்து காரமான வாசனைச் சத்தை மட்டும் இழுத்துக்கினு வெளியே வருது. மத்தது உள்ளேயே நிக்குது. ஆறினதும் பால் மாதிரி வெளுத்துடும். ஏன் இதை இழுக்குது, அதை ஏன் விடுதுன்னு யோசிச்சுக்கினே துன்னக்கூட மறந்திருக்கேன்.

பம்பாய்க்காரர் வர்ற அன்னிக்கு அந்த வெள்ளைத் தண்ணியை பக்கெட்டுல ஆற வெச்சிருந்தேன். கை கழுவிட்டு வந்து பார்க்குறேன், முதலாளி புழுதி அடங்கட்டும்னு அதை வாசல்ல வாரி வாரித் தெளிச்சுக்கினு இருக்காரு!

"ஐயோ சார், அதுதான் சரக்கு!"

"நீள்ளே கதம்மா"ன்னாரு. தண்ணி தானேம்மாவாம்! ஆயுசு பூரா எண்ணெயை எடுத்து வெச்சுக்கினு தண்ணியைக் கொட்டின மனுஷன், அவரைச் சொல்லி என்ன பண்றது? ஓடிப்போய் பக்கெட்டை வாங்கி ஓரமா வெச்சேன்.

அதுக்குள்ள கார் வந்துடுச்சு. இறங்கின பம்பாய்க்காரர் முதலாளி நீட்டின எண்ணெய் பாட்டிலை மோந்து உதட்டைப் பிதுக்கினாரு. அப்புறம் சுத்துமுத்தும் பார்த்தாரு. குனிஞ்சு ஈர மண்ணைக் கிள்ளி மோந்துட்டு, இது என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு.

நான் பக்கெட்டைச் சாய்ச்சுக் காட்டினேன். கிராம்புச் சத்து தண்ணியைவிடக் கனம், அடியில போய் உட்கார்ந்துக்கும். முதலாளி தெளிச்சதெல்லாம் மேல் தண்ணி. அடியில மஞ்சளா அந்தச் சத்து எண்ணெயா தங்கியிருந்தது. அதை விரலால தொட்டு மோந்தவர், "இன்னொரு தடவை செஞ்சு காட்டுவீங்களா?"ன்னு என்னைத்தான் கேட்டாரு. செஞ்சேன். பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு, ஆர்டர் கொடுத்துட்டுப் போனாரு.

சாயங்காலம் எஸ்டிடி பூத்துலேர்ந்து பக்கத்து வீட்டு போனுக்கு நைனாவைக் கூப்பிட்டேன். "நான் பெங்களூரு போகலை நைனா. வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு."

"அப்படி இன்னாதாம்மா செய்யறே அங்க?"ன்னாரு. இத்தினி நாள்ல அவரு அதைக் கேட்டதே இல்லை.

மீட்டர் பாட்டுக்கு ஓடட்டும்னு, முதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன்.