மிஸ்ஸியம்மாவின் பாட்டன்

நனைந்த சுண்ணாம்பின் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் ஆம்பூர் கல்லறைத் தோட்டமும் மிஸ்ஸியம்மாவும்தான் ஞாபகம் வரும்.

அவர் அமெரிக்காக்காரர், எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. நான் அங்கே டீச்சர். கல்யாணம் வேண்டாமென்று நின்றதால் ஊர் வாய்க்கு நான்தான் அவல். சாயங்காலம் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு கதை பேசுவோம். அவர் கதை எங்கே தொடங்கினாலும் முன்னோரிடம் போய்த்தான் நிற்கும். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்கள் அவர்கள். இங்கிலீஷ் ராஜா அங்கேயும் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் எந்த ஊர்? அதுதான் தெரியாது. அப்பா ஒரு ஊரைச் சொன்னாராம், அத்தை வேறொன்றைச் சொன்னாராம். சித்தப்பா மட்டும், நாம் கோட்டை கட்டி ஆண்ட பரம்பரை என்று அளந்தாராம்.

"எல்லார் வீட்டுலயும் இப்படி ஒரு சித்தப்பா இருக்காரு, மிஸ்ஸிம்மா" என்றேன்.

சிரித்தார். பிறகு தன்னுடைய வேதாகமத் தமிழில், "அமெரிக்காவிலே எனக்கென்று ஒருவரும் மீதியில்லை. ஓய்வு பெற்றபின் அந்த ஊரைக் கண்டுபிடித்து, என் ஜனத்தாரின் நடுவே வாசம்பண்ணுவேன்" என்றார். பாவம், போவதற்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது அவருக்கு.

கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் ஊறப்போடும் சுண்ணாம்பில் ஒரு சட்டியை முதலாளி சாயபு கொடுத்தனுப்புவார். ஒரு வருஷம், சின்ன வயசிலேயே போய்விட்ட என் தம்பியின் கல்லறைக்கு அடித்தது போக மீந்துவிட்டது. மூலையில் கேட்பாரற்று ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல் நின்றது. சரி, இவனுக்கும் அடிப்போம் என்று பாசியைச் சுரண்டினேன். மேலே இருந்த பெயரைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. மிஸ்ஸியம்மாவின் குடும்பப் பெயர்!

ஓடிப்போய் அழைத்து வந்தேன். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லின் கீழ்ப்பாதி மண்ணில் புதைந்திருந்தது.

"ஊர் பேரு கீழ இருக்கும். தோண்டட்டுமா?"

"இப்பொழுது வேண்டாம்" என்றார். பயம்தான். எனக்குப் புரிந்தது.

ஊருக்குக் கல்வெட்டெல்லாம் எதற்கு? மறுநாளே அவன் 'மிஸ்ஸியம்மா பாட்டன்' ஆகிவிட்டான். சாயபு வீட்டம்மா தோட்டத்து ரோஜா கொடுத்தனுப்பினார். பூக்காரி, "பாட்டனுக்குத்தானே?" என்று ஒரு முழம் ஜாஸ்தி அளந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்ஸியம்மா கல் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த வருஷத்து மழையில் கல் சாய்ந்துவிட்டது. திருநாளன்று அப்பா ஆட்களோடு வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். மண் உதிர்ந்து கீழ்ப்பாதி எழுத்து தெரிந்தது. மிஸ்ஸியம்மா வாய்விட்டுப் படித்தார். கூட வந்திருந்த என் அம்மாவுக்காக நான் தமிழில் சொன்னேன். தாய் தகப்பன் இன்னாரென்று தெரியாதவன். சென்னை அனாதை விடுதியில் வளர்ந்தவன். பெயரும் அங்கே வைத்ததுதான். கூட இருந்த சிப்பாய்கள் நட்ட கல் இது.

"அப்படியானால் இவன் எனக்கு ஒருவனும் அல்ல" என்று, கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கல்லை நிமிர்த்திய அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கிடந்தபடியே கிடந்திருக்கக் கூடாதா?

அம்மாதான் பேசினாள். "அவனுக்கும் யாருமில்ல, உங்களுக்கும் யாருமில்ல. அப்புறம் இன்னா மிஸ்ஸிம்மா? காத்து வர்றதுக்குள்ள ஏத்துங்க."

மிஸ்ஸியம்மா மெழுகுவர்த்தியை வெளியே எடுத்தார்.

ஓய்வு பெற்றபின் அவர் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. எங்கள் தெருவிலேயே வீடு எடுத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் எங்கள் அம்மாவோடு ரசத்துக்குப் புளி ஜாஸ்தியா கம்மியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே அந்த மூலையில், சிப்பாய்க்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

போன திருநாளில் இரண்டுக்கும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபைக்குப் புதிதாக வந்த பாதிரி ஐயர் இரண்டு கல்லையும் படித்துவிட்டு, "ஒரே பேரா இருக்குதே. சொந்தமாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. பாட்டனும் பேத்தியும்" என்றேன்.