பெரியப்பா நிறுத்திய இடங்கள்

பெரியப்பா இறந்து மூன்று வாரமாகியும் பெரியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்போது எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அடக்கத்தன்று அழவில்லை. பெட்டியின் மேல் மண் போடும்போதும் அழவில்லை. சோறும் இறங்கவில்லை, இரண்டு வாய் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "அக்கா வாய்விட்டு அழுதுட்டாத் தேவல" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லியே அம்மா இளைத்துப்போனாள். பெரியம்மா அவளுடைய சொந்த அக்கா. எனக்குப் பதினொரு வயது. எதைப் பார்த்தாலும் சரிசெய்துவிடக் கை பரபரக்கிற வயது என்று எழுத நினைத்தேன். ஆனால் வயதின் மேல் பழி போடுவது நியாயமில்லை, இன்றைக்கும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

பெரியப்பா வீடு பர்மாவில், யாங்கூன் நகரத்தின் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். நாங்கள் அடுத்த தெரு. பெரியப்பா ஒரு கப்பல் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் கிளார்க். பேச்சு வராத மனிதர். ஏதாவது கேட்டால் 'ம்' என்பார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அப்படிப்பட்டவர் வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, வாய் ஓயாமல் பேசுவார். கரண்ட் இருந்தால்தான் அதுவும்.

பேச வைத்தது ஒரு பிரிட்டிஷ் சிரிப்பு நாடகம். கம்பெனிக்கு வந்துபோன ஒரு கப்பல்காரர் பதிந்து கொடுத்த டிஸ்க். ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸ், ஒரு போஸ்ட்மாஸ்டர், இரண்டு குமாஸ்தாக்கள். மொத்தமே ஆறு பாகம்தான். ஆறோடு ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டால், 'வெள்ளக்காரன் அவ்வளவுதான் போடுவான், நல்லா இருக்கும்போதே கடையை மூடிருவான்' என்று பெரியப்பா பெருமையோடு சொல்வார், ஏதோ தானே உட்கார்ந்து முடிவெடுத்ததுபோல. அந்த ஆறையும் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. அதில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தால் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். கூரை ஒழுகும்; யாரும் பதறாமல் முதலில் டீ போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் எங்கேயோ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

எங்களில் யாருக்கும் அந்த வேகத்தில் இங்கிலீஷ் புரியாது. அதனால் பெரியப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பு வரப்போகிற இடத்தில் சட்டென்று நிறுத்துவார். அர்த்தம் சொல்வார். நாங்கள் சிரித்து முடித்ததும் மறுபடி ஓடவிடுவார். பிறகுதான் அந்தக் கூட்டம் சிரிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் லண்டன்காரர்களுக்கு முன்னாலேயே சிரித்துவிடுவோம் என்று அப்பா கேலி செய்வார்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு பர்மிய வாத்தியாரும் வருவார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரைச் சயா என்று கூப்பிடுவோம். அவருக்கு யாரும் நிறுத்திச் சொல்ல வேண்டியதில்லை, தன் பாட்டுக்குச் சிரிப்பார். தமிழும் ஓரளவு விளங்கும் அவருக்கு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு பாகத்திலும் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்து மனைவியோடு பேசுவார். அந்தப் பெண்மணியை ஆறு பாகத்திலும் காட்டவே மாட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் மெல்லிய குரலில், முகம் கோணாமல் பேசுவார். அப்போது சயா டிவியைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியப்பா நிறுத்திவிட்டுச் சொல்வார். "சாப்டியான்னு கேக்குறான். கால் வலி எப்படி இருக்குன்னு கேக்குறான். நீ படி எறங்காத, சாமானெல்லாம் நானே வாங்கியாறேன்னு சொல்றான்."

பெரியம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று மாடி ஏறி இறங்கினால் இரண்டு நாள் படுக்கை. அந்தக் காட்சி வந்தால் அவர் முகமே மாறிவிடும். "அந்த வெள்ளக்காரன்கிட்ட கொஞ்சம் கத்துக்கங்க. ஒரு நாளாச்சும் என்னைய இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்று இடிப்பார். பெரியப்பா 'ம்' என்றுவிட்டு ரிமோட்டை அமுக்குவார்.

மாரடைப்பு. ஆபீஸ் நாற்காலியிலேயே போய்விட்டார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னால் டிவி போடலாமா கூடாதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா அந்த டிஸ்கைப் போட ஆரம்பித்தார். அம்மா கொடுத்தனுப்பும் தூக்குச்சட்டியோடு பள்ளிவிட்டு நான் போகும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பா நிறுத்துகிற அதே இடங்களில் பெரியம்மா நிறுத்துவார். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு ஓடவிடுவார். அந்தக் கூட்டம் மட்டும் சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காமல் போனது அப்போதுதான்.

அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா பயந்தாள். எனக்கு விஷயம் வேறாகப் பட்டது. பாவம், அர்த்தம் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதானே. சந்தை ஓரத்தில் டிஸ்க் பரப்பி விற்கிறவரிடம் அதே நாடகம் பர்மிய எழுத்தோடு இருந்ததை நான் பார்த்திருந்தேன். எங்கள் ஆட்களில் பலரைப்போலப் பெரியம்மாவும் தமிழைவிடப் பர்மிய எழுத்தைத்தான் வேகமாக வாசிப்பார். வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஒரே ஓட்டமாக ஏறினேன்.

"இனிமே நீங்க நிறுத்த வேணாம் பெரியம்மா. கீழயே எழுதி வரும்" என்றேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பூரிப்பாக இருந்தது.

பெரியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒழுகும் கூரை வந்தது, டீ வந்தது. பெரியப்பா சொன்னதற்கும் எழுத்துக்கும் வித்தியாசமில்லை. பிறகு போஸ்ட்மாஸ்டர் போனை எடுத்தார். அதே மெல்லிய குரல். கீழே வந்த எழுத்தைப் பெரியம்மா உதடசைத்துப் படித்தார். நீ ஒரு மாதம் உன் அம்மா வீட்டுக்குப் போய் இருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ பேசுவதைக் கேட்பதைவிடத் தபால்பெட்டிக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளலாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பெரியம்மா ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "இவன் வீட்டுக்குப் போன் பண்ற எடத்த மட்டும் போடு. ஆறையும் போடு."

போட்டேன். ஆறிலும் அதே கதைதான். பெண்டாட்டியின் சமையல், பெண்டாட்டியின் குறட்டை, பெண்டாட்டியின் பேச்சு. பெரியப்பாவின் குட்டை நானே உடைத்துவிட்டேன் என்று புரிந்தது.

"சாப்டியான்னு கேக்கவே இல்லயாடி அவன்?"

"இல்ல பெரியம்மா."

"ஒரு தடவ கூடவா?"

"இல்ல."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது, அடக்கத்தன்று வராத சத்தம். தலையணையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. எதிர்வீட்டுச் சயா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். திரையில் நின்றிருந்த போஸ்ட்மாஸ்டரையும் கீழே இருந்த எழுத்தையும் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பட்டது இதுதான்: இத்தனை வருஷம் புருஷன் தன்னை ஏமாற்றியதைத் தாங்காமல்தான் அழுகிறார், அதைக் காட்டிக்கொடுத்தவள் நான். எப்படியாவது பெரியப்பாவைக் காப்பாற்ற வேண்டும்.

"பெரியப்பாவுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியாது போல, பெரியம்மா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு."

பெரியம்மா என் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அவருக்கா? நல்லாத் தெரியும்டி. எல்லாரையும் விட நல்லாத் தெரியும்."

அன்று தூக்குச்சட்டியைத் திறந்து என் எதிரிலேயே முழுக்கச் சாப்பிட்டார். காலிச் சட்டியைப் பார்த்து அம்மா ஜெபமே செய்தாள். இங்கிலீஷ் அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், மற்றதையெல்லாம் சரியாகச் சொன்னவர், அந்த ஒரு இடத்தை மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏன் தப்பாகவே சொன்னார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.