பச்சைக் கதவு வீடு

கடலூரில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, வீடு வீடாக ஆய்வுக்குப் போகிற பிள்ளைகள் கொண்டுவரும் விவரங்களைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. பூட்டிய வீடு என்றாலே அவர்களுக்கு எரிச்சல், அலைச்சல் இரட்டிப்பாகிறதே. சிதம்பரத்தில் பொது சுகாதாரம் முதுகலை படித்த கடைசிப் பருவத்தில் நான் மட்டும் பூட்டைக் கண்டால் உள்ளூரச் சிரித்தேன். அதற்குக் காரணம் என்னோடு வந்தவன்.

என் ஆய்வுத் தலைப்பு பெண்களின் ரத்த அழுத்தம். அவனுடையது வீட்டுச் சாப்பாட்டில் சேரும் உப்பு. இரண்டும் ஒட்டிய சங்கதி, ஒரே வீடுகளுக்குச் சேர்ந்தே போங்கள் என்று சொல்லிவிட்டார் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர். அவர் செய்த உதவி அவருக்கே தெரியாது. காலையில் டவுன் பஸ் பிடித்து, பி.முட்லூர் தாண்டி, பரங்கிப்பேட்டையில் இறங்குவோம். ஆண்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற தெருக்கள். பெண்கள் உட்காரச் சொல்லி ரோஸ்மில்க் கொடுப்பார்கள். கருவாட்டில் எவ்வளவு உப்பு என்று அவன் கேட்டால், நீ மீனே கழுவினதில்லையா என்று கேலி செய்வார்கள்.

அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. கையில் பட்டையைச் சுற்றுவது நான், நேரம் பார்ப்பது அவன். வீட்டுக்காரம்மாவும் நாங்களும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். அவன் கடிகாரத்தைப் பார்க்க, நான் அவனைப் பார்ப்பேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். ஆனாலும் அந்தப் பேச்சில்லாத நேரத்துக்கு ஏங்கியதுபோல வேறு எதற்கும் ஏங்கியதில்லை. இன்றும் ஏங்குகிறேன்.

வீடுகள் தீர்ந்துகொண்டே வந்தன. முடிந்ததும் அவன் ஒடிசாவுக்கு வேலைக்குப் போவது உறுதியாகியிருந்தது. அவன் கடலூர் முதுநகர்ப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற வீட்டுப் பெண். மாமா மகனுக்கென்று என்னைப் பேசி வைத்தது வேறு. வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும், வீடுகள் தீர்வதற்குள் அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று காத்திருந்தேன். நானே சொல்லியிருக்கலாமே என்றால், ஊர்க்கதை பேசுகிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

கடைசியில் மிஞ்சியது பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. பூட்டியிருந்தால் வேறு வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும், அப்போதும் ஆளில்லை என்றால் விட்டுவிட வேண்டும். அதுதான் விதி. மூன்றாம் முறையும் பூட்டுதான் தொங்கியது. அவன் அந்தக் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"விட்டுடலாம்பா. ரூல் அவ்ளோதான்" என்றான்.

"இன்னொரு தடவ வந்தா என்ன, கேஸா போடப் போறாங்க?"

"கைடு ஒத்துக்க மாட்டாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலை அழுத்தம் பார்க்கும் கருவியைத் துறையில் ஒப்படைத்துவிட்டு, சரி பார்க்கலாம் என்று பிரிந்தோம். அடுத்த நாள் அவன் சென்னைக்கு ரயிலேறுகிறான் என்று தெரிந்தும் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. என்ன நினைத்தேனோ, பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டையில் இறங்கினேன்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. மகளின் பிரசவத்துக்காகக் கடலூர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டுத் திரும்பியிருந்த அந்தம்மா, என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். பிரஷர் பார்க்க வந்தாயா என்று கேட்டார். கருவி கொண்டுவரவில்லை என்று சொல்லி அசடு வழிந்தேன்.

"நேத்து சாயங்காலம் ஒரு தம்பியும் மிஷின் இல்லாமத்தான் வந்துச்சு. இதே அட்டதான். கூட ஒரு பொண்ணு வரும், இங்க வந்துச்சாம்மான்னு கேட்டுச்சு. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டுப் போச்சு."

தெருவுக்கு வந்து அவனுக்கு போன் செய்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான், சொன்னேன். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வீட்டுக்காரம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க. நீ வந்துட்டுப் போனத சொன்னாங்க."

"வண்டி விழுப்புரம் தாண்டிடுச்சுப்பா" என்றான்.