ஒரு கைக்கு அடங்காத போன்

தாம்பரம் சானடோரியத்தில் நான் ஏறும்போது லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார இடம் இருந்ததே இல்லை. இடது கை மேலே கைப்பிடியில், வலது கையில் போன். கிண்டி வரைக்கும் நின்றபடியே மகளுக்கு மெசேஜ் அடிப்பேன். அமெரிக்காவில் அவள் ஆபீஸ் முடிந்து வந்து சமைக்கிற நேரம் அது. எங்கள் இருவருக்கும் ஒன்றாக ஒழிகிற நேரமும் அது ஒன்றுதான்.

என்னுடையது சின்ன போன். விலை மட்டும் பெரியது. கட்டைவிரல் எந்த மூலைக்கும் சிரமமில்லாமல் போகும். சிட்லபாக்கம் ஏரியை அதில் படம் எடுத்துக் காட்டினால் பெரிய போன்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். முதலில் பேட்டரி படுத்தது. பிறகு அப்டேட் நின்றது. கடைசியில் பேங்க் ஆப் திறக்கவே மாட்டேன் என்றது.

அதே மாதிரி இன்னொன்று வாங்கத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னதாகக் கேட்டால் பட்டன் போனை எடுத்து நீட்டினார்கள். மேடவாக்கத்துக் கடைக்காரர், "சின்ன சைஸ்ல நல்ல போன் இப்ப வர்றதே இல்லக்கா. யாரும் கேக்கறதில்ல" என்றார். நான் கேட்கிறேனே, நான் யாரும் இல்லையா என்று எரிச்சல் வந்தது. என் வீட்டுக்காரர் கடை வாசலில் வண்டியை விட்டு இறங்காமலே, எல்லாம் பழகிவிடும் என்றார். அலைந்து அலுத்துப்போய் ஒரு செங்கல்லை வாங்கினேன்.

பழகவில்லை. ரயில் ஒரு குலுக்கு குலுக்கினால் போன் கையை விட்டு நழுவப் பார்க்கும். எனக்கு வேண்டிய எழுத்தெல்லாம் விரல் எட்டாத பக்கத்திலேயே இருந்தது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பேன் என்றார் வீட்டுக்காரர். அனுப்பலாம்தான், ஆனால் என் வீட்டு விஷயத்துக்குக் கம்பார்ட்மென்டே கூடித் தீர்ப்பு சொல்லும். அதனால் மகள் எதை அனுப்பினாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைத் தட்டிவிட ஆரம்பித்தேன். பார்த்துவிட்டேன், இறங்கியதும் எழுதுகிறேன் என்று எனக்கு அர்த்தம். அதை அவளிடம் சொல்லிவைக்கத் தோன்றவில்லை.

போன வாரம் பல்லாவரம் தாண்டும்போது அவளிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. ஆபீஸில் ஒரு விஷயம் என்று முதல் வரி. அதற்குள் கூட்டம் நெருக்கியது. வழக்கம்போல் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

கிண்டியில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துதான் முழுசாகப் படித்தேன். வேலை ஒப்பந்தம் முடிகிறதாம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம், இன்றைக்கே பதில் சொல்ல வேண்டுமாம். கடைசி வரி: "உனக்கு ஓகேவாம்மா? வேணாம்னா சொல்லு, வந்துடறேன்."

அதற்குக் கீழே என் கட்டைவிரல். அதற்கும் கீழே அவள்: "சரிம்மா, இருக்கேன்னு சொல்லிட்டேன். நீ அழுவேன்னு நினைச்சேன்."

வேண்டாம், வந்துவிடு என்று எழுதினேன். ஒத்துக்கொண்ட வேலையை மறுநிமிஷமே மாட்டேன் என்று அவள் எப்படிச் சொல்வாள்? அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். உட்கார்ந்திருந்ததால் இரண்டு கையாலும் அடிக்க முடிந்தது, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. "நல்லதும்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று அனுப்பினேன்.