பாதி திறந்த வால்வு

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாஷ்பேசின்களுக்குக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு அடிக்கும் பிரிவு என் பொறுப்பு. என் கணவர் பள்ளி ஆசிரியர். போன வருஷம் இரண்டு பேரும் பாண்டிச்சேரியில் முறையாக ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் வாங்கினோம். “நம்ம மணிமுத்தாத்துல கால் நனைய தண்ணி இல்ல, நீங்க கடலுக்கு அடியில போறீங்களா மேடம்?” என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்தப் பங்குனியில் மறுபடியும் பாண்டிச்சேரி போனபோது, வழக்கமான படகில் இடமில்லை என்று வேறொருவர் படகில் ஏறினோம். அதன் வழிகாட்டி என் இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டை மாட்டினார்.

“பத்து கிலோ போட்டிருக்கேன் மேடம். அப்பதான் சர்ருன்னு எறங்குவீங்க.”

“எனக்கு ஆறு போதுங்க. எடை சரியான்னு மொதல்ல மெதந்து பாத்துக்கிறேன்.”

“அதெல்லாம் கிளாஸ்ல சொல்றது. இங்க நேரம் இல்ல.”

சிலிண்டர் வால்வையும் என் முதுகுக்குப் பின்னால் அவரே திருப்பினார். “தொறந்தாச்சு, குதிங்க!” என்றார். குதிக்கும் முன் காற்றழுத்த மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நான் நாலு மூச்சு இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். நேரமில்லை என்ற அதட்டலுக்கு அடங்கிக் குதித்துவிட்டேன். அவர் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது.

அம்மிக்கல் மாதிரி இறங்கினேன். அணிந்திருந்த மிதவை ஜாக்கெட்டில் காற்றை அடைத்து அடைத்து ஒரு வழியாக நின்றேன். பன்னிரண்டு மீட்டர் ஆழம் இருக்கும். மூச்சு வரவில்லை. உறிஞ்சி இழுத்தால் கொஞ்சம் வந்தது. மானியைப் பார்த்தேன். இழுக்கும்போது முள் சரிந்தது, நிறுத்தினால் மேலே ஏறியது. கிளேஸ் அடிக்கும் துப்பாக்கிக்குக் காற்று வரும் வால்வு சரியாகத் திறக்காவிட்டால் முள் இப்படித்தான் ஆடும். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வழிகாட்டியிடம் மூச்சு சரியில்லை என்று சைகை காட்டினேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கி, எல்லாம் சரி என்று காட்டிவிட்டு முன்னால் நீந்திப் போனார்!

என் கணவர் பக்கத்திலேயே இருந்தார். முதலில் தன்னுடைய உதிரி வாய்க்குழாயை என் வாயில் வைத்தார். வால்வைத் தவறான பக்கம் திருப்பினால் வருகிற காற்றும் நின்றுவிடும் அல்லவா? நான் நன்றாக மூச்சு விட்ட பிறகுதான் பின்னால் கை விட்டு வால்வைத் திறந்தார். மானி முள் ஆடாமல் நின்றது. அவசரப்படாமல் மெதுவாக மேலே வந்தோம்.

படகில் வழிகாட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “லேடீஸ் கொஞ்சம் பயந்துடுவாங்க. சகஜம்தான் சார்.”

“பயமா? வால்வு பாதிதான் தொறந்திருந்துது. என் கையால தொறந்தேன்” என்றார் என் கணவர்.

“அது தண்ணிக்குள்ள எதுலயாவது இடிச்சுத் திரும்பியிருக்கும் சார்.”

எனக்குத் தலை கொதித்தது. “இப்ப பாருங்க” என்று அதே பெல்ட்டோடு மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். கணவர் படகிலிருந்து கையை நீட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். ஜாக்கெட்டில் இருந்த காற்றை வெளியே விட்டதும் தலை முழுகியது. ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். நாலு கிலோ போன பிறகுதான், மூச்சைப் பிடித்திருக்கையில் தண்ணீர் கண் மட்டத்தில் நின்றது. மூச்சை விட்டேன், மெல்ல இறங்கினேன். இதற்கு எத்தனை நிமிஷம் ஆனது? அஞ்சு நிமிஷம்கூட இல்லை.

அடுத்து இறங்க இருந்த தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “எங்களுக்கும் இப்படிப் பாத்துட்டுதான் எறங்குவோம்” என்று அந்தப் பெண் சொன்னாள்.

கரைக்கு வந்து படகு உரிமையாளரிடம் முறையிட்டேன். “நீங்க நல்லாத்தான இருக்கீங்க மேடம், அப்புறம் என்ன?” என்றார். பிணமாக வந்தால்தான் முறையிடலாமா? எழுதியும் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

போன வாரம் இன்னொரு படகில் போனோம். அங்கிருந்த வழிகாட்டியும் வால்வைத் திருப்ப என் பின்னால் கையைக் கொண்டுபோனார். “கைய எடுங்க. நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் முகம் சுருங்கியது.

சுருங்கட்டும்.