என் பெயரில் இருந்த வண்டி

விவாகரத்துத் தீர்ப்பில் எல்லாம் இருந்தது, வண்டி மட்டும் இல்லை. நகை, பாத்திரம், பீரோ என்று வக்கீல்கள் எழுதிக்கொண்டே போனார்கள். வண்டியைப் பற்றி நாங்கள் இருவரும் கோர்ட் வராந்தாவில் நின்று வாய்ப்பேச்சாகவே முடித்துக்கொண்டோம். காரின் கடன் என் பெயரில் தொடரும், வண்டி அவரிடம் இருக்கும், மாதத் தவணையை அவர் என் கணக்கில் போட்டுவிட வேண்டும். படித்தவர்கள் செய்கிற காரியமா இது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த இடத்தை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது.

நான் பொள்ளாச்சிக்கு மேற்கே கொல்லங்கோட்டில் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க். தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது என் மேஜை வேலை. அவருக்குக் கம்பத்துக்கு மேலே மலையில், வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விடவில்லை, அவர் தோட்டத்தை விடவில்லை. அவர் சனிக்கிழமை இறங்கி வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவதற்கென்றே அந்தக் காரை வாங்கினோம். முன்பணம் அவர் ஏலக்காய் விற்ற காசு. மாதச் சம்பளம் எனக்கு என்பதால் கடனும் ஆர்.சி. புத்தகமும் என் பெயரில்.

எங்களுக்குள் நடந்த சின்னச் சண்டைகளில் பாதி அந்த வண்டியின் சீட்டுக்காகத்தான். அவர் நல்ல உயரம், நான் குள்ளம். ஞாயிறு காலையில் நான் சந்தைக்குக் கிளம்பினால் கால் பெடலுக்கு எட்டாது. குனிந்து, அடியில் கையை விட்டு, கம்பியைத் தூக்கிப் பிடித்துச் சீட்டை முன்னால் இழுக்க வேண்டும். இறங்கும்போது கொஞ்சம் இழுத்து வைத்துவிட்டு இறங்கினால் என்ன என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். "ஒன் அளவு எனக்கென்ன தெரியும்?" என்பார்.

பிரிந்த பிறகும் கொஞ்ச காலம் தவணை ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. போன் செய்தால் எடுக்கமாட்டார். எடுத்தால், "முன்பணம் என் காசு. அத மொதல்ல குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போ," என்பார். மூன்றாவது தவணையும் தவறியபோது பைனான்ஸ் கம்பெனி ஆட்கள் இருவர் நேராக எங்கள் வங்கிக்கே வந்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மாதக் கடைசிக்குள் பாக்கி தீராவிட்டால் வண்டியைத் தூக்குவோம், கிடைத்த விலைக்குத் தள்ளுவோம், குறைகிற தொகையும் உங்கள் தலையில்தான் என்றார்கள். நான் மற்றவர்களுக்கு எழுதுகிற அதே வாசகம். பக்கத்து மேஜைக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். கம்பெனி ஆட்கள் தூக்குவதற்குள் நான் வண்டியை எடுத்து, நியாயமான விலைக்கு விற்று, கடனை அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மேஜையில் எந்த முகத்தோடு உட்காருவது?

மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. லீவு போட்டுவிட்டு பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறிக் கம்பத்துக்குப் போய் ஒரு லாட்ஜில் தங்கினேன். மறுநாள் காலை தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து மலையேறினேன். அன்று ஏலக்காய் ஏலம். அவர் ஏலக்கூடத்துக்குள் இருப்பார், வண்டி வெளியே வழக்கமான சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நின்றது. கதவைத் திறந்து, சீட்டை இழுத்துப் போட்டு, ஸ்டார்ட் செய்து கிளம்பிவிட்டேன். என் பெயரில் இருக்கும் வண்டியை நானே திருடிக்கொண்டு போகிறேனே என்று சிரிப்புக்கூட வந்தது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எனக்கு மலையில் வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் வாங்கியதிலிருந்து நான் ஓட்டியதெல்லாம் வயல்களுக்கு நடுவே நேராகக் கிடக்கும் எங்கள் ஊர் ரோட்டில். மலைக்குப் போனபோதெல்லாம் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் தூங்கினேன்.

கம்பம்மெட்டைத் தாண்டிப் பாதி மலை இறங்கியிருப்பேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. டிரைவர் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ரிவர்ஸ் போட்டேன். வண்டி பின்னால் ஏறுவதற்குப் பதில் பஸ்ஸை நோக்கி நகர்ந்து அணைந்தது. மறுபடியும் அதேதான். பஸ்ஸுக்குப் பின்னால் வரிசை சேர்ந்து ஹாரன் காதைப் பிளந்தது. பின்னாலிருந்து ஒரு ஜீப் டிரைவர் இறங்கி வந்தார்.

"எறங்குங்கக்கா, நான் எடுத்துத் தாரேன். ஆமா, இது நம்ம அண்ணே வண்டியாச்சே?"

வண்டியை அவர் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து ஓரங்கட்டினார். அதே கையோடு, என் கண் முன்னாலேயே போனை எடுத்து, "அண்ணே, ஒங்க வண்டி பாதி எறக்கத்துல நிக்குது. ஒரு அக்கா ஓட்டியாந்துருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்குக் கத்த நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் முன்சக்கரத்தருகே குனிந்து மூக்கைச் சுளித்தார்.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்துருக்கே. கருகுன வாடை அடிக்குது பாரு. ஆறட்டும்."

பிரேக் ஆறும்வரை ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"சொல்லிருந்தா நானே கொண்டாந்து விட்டுருப்பேன்ல," என்றார்.

"மூணு மாசமாச் சொல்லீட்டுத்தானுங்க இருக்கறேன்."

அவர் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வெயில்ல செடி பூராம் கருகிப்போச்சு. இந்த வருசம் காயே இல்ல. எங்கிட்டுருந்து கட்ட?" என்றார்.

"அதயச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"ஒங்கிட்டயா?"

வங்கியில் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் சொல்கிற காரணமும் இதுதான். அவர்களை உட்காரச் சொல்லிக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.

"வண்டிய வித்துப்போடறேனுங்க. கடன் போக மிச்சம் வந்தா உங்க முன்பணத்துக்கு அனுப்பி வெக்கறேன்," என்றேன்.

"பாதி போதும்."

"முழுசுமல்லங்க கேட்டுட்டு இருந்தீங்க?"

"இப்பப் பாதி போதுங்கேன். நீயுந்தான கட்டிருக்கே."

மாதக்கணக்கில் போனில் தொண்டை கிழியக் கத்தியது இவ்வளவு பேச்சில் முடிந்துவிட்டது. பிரேக் இன்னும் ஆறவில்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவர் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டினார். கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தன் குடை, மப்ளர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். சாவியை என்னிடம் நீட்டினார். கதவைச் சாத்தப் போனவர் நின்றார். குனிந்து, அடியில் கையை விட்டு, சீட்டை முன்னால் இழுத்து வைத்தார்.

"பாத்துப் போ," என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். கால் பெடலில் சரியாகப் படிந்தது. ஒரு துளி முன்னாலும் இல்லை, ஒரு துளி பின்னாலும் இல்லை. எனக்கு வந்தது ஆத்திரம்தான். என் அளவு அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெரிந்திருக்கிறது. தேனி தாண்டியும் ஆத்திரம் அடங்கவில்லை.

மாதக் கடைசிக்கு முன்பே வண்டி பொள்ளாச்சியில் விலைபோனது. கடன் அடைந்தது, பைனான்ஸ்காரர்கள் பிறகு வங்கிப் பக்கம் வரவில்லை. மிஞ்சியதில் பாதியை அவருக்கு அனுப்பினேன். "வந்துருச்சு," என்று ஒரு மெசேஜ் வந்தது.

விற்ற அன்று, வண்டியை வாங்கியவர் ஓட்டிப் பார்க்க ஏறியபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நெட்டையான ஆள். "ஏனுங்க, சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டைத் தள்ளுவதற்கு யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் காத்திருந்தார்.

"தள்ளிக்குங்க," என்றேன்.